சேஃப்டியும் ஒரு நேர்ச்சைச் சேவலும்

கோழிக்கூட்டுக்கு முன்னால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்று, கோழிகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு சேஃப்டி. இன்னொருவர் எங்காவது இருப்பதாக யாராவது சொன்னால், அவரும் புதுக்கடைப் பக்கத்துக்காரராகத்தான் இருப்பார் என்று அடித்துச் சொல்வேன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் கண்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், “நான் அங்க சேஃப்டியில இருந்தேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு அவரைச் சேஃப்டி ஆபீசர் ஆக்கியது. பிறகு ஆபீசர் உதிர்ந்து, சேஃப்டி மட்டும் மிஞ்சியது.

நாங்கள் நாகர்கோவிலைத் தாண்டிய வயல்காட்டு ஊர்க்காரர்கள். என் மனைவிக்குப் புதுக்கடைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால், சேஃப்டியின் அடுத்த வீட்டில் வாடகைக்குப் போனோம். சாமான் வந்து இறங்கிய அன்றைக்கே விசிலோடு வந்து நின்றார்.

“சாரே, பீரோவ எறக்கதுக்கு முன்ன ஒரு மீட்டிங் உண்டு.”

“எதுக்கு?”

“நடு முதுகு பத்தி.”

லாரியில் வந்த நான்கு ஆட்களையும் வரிசையாக நிறுத்தி, பாரம் தூக்கும்போது முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று இருபது நிமிஷம் பேசினார். ஒருவர் நின்றபடியே தூங்கிப்போனார். அவரைத் தனியாக ஓரம் கட்டி, களைப்போடு வேலை செய்வதன் ஆபத்தைப் பற்றி இன்னொரு பத்து நிமிஷம் பேசினார்.

அவர் வீட்டில் அடுக்களையிலிருந்து கிணறு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும். தென்னைமரத்துக்கு அடியில் போகிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள ஆணியில் இரண்டு ஹெல்மெட் தொங்கும். “குடம் ஒண்ணு, ஹெல்மெட்டு ஒண்ணு, இதில விசிலு வேற கேட்டா திரும்பி நிக்கணும். தண்ணி கோரப் போறேனா, பட்டாளத்துக்குப் போறேனா?” என்று ஸ்டெல்லா அக்கா கேட்பார். ஆனாலும் கோட்டுக்கு உள்ளேதான் நடப்பார்.

கோழிகள் ஸ்டெல்லா அக்காவினுடையவை. அவற்றில் ஒரு சேவலுக்கு மட்டும் தனி மரியாதை. கணவர் கை கால் முழுசாக ஊர் வந்து சேர்ந்தால், வீட்டில் வளர்த்த சேவல் ஒன்றை அந்தோணியாருக்குக் கொடுப்பதாக அவர் நேர்ந்திருந்தார். கடையில் வாங்கிக் கொடுத்தால் நேர்ச்சை சேராது. கணவர் முழுசாக வந்துவிட்டார். ஆனால் நேர்ச்சைக்கென்று வளர்த்த முதல் சேவலைப் பின்பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கீரி கொண்டுபோனது. இரண்டாவதையும் அதே கீரிதான். மூன்றாவது இப்போது வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா அதை ‘நேர்ச்சைக்காரன்’ என்று கூப்பிடுவார். திருவிழா வரைக்கும் அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

அதில் எனக்கும் ஓர் அக்கறை உண்டு. நேர்ச்சையாக வந்த பொருள்களைத் திருவிழாவன்று கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நான் பிறந்தது சுத்த சைவக் குடும்பம். என் மனைவி இன்றைக்கும் அப்படித்தான். நான் மட்டும் கோழி விஷயத்தில் வழி தவறியவன். ஸ்டெல்லா அக்கா தேங்காய் வறுத்தரைத்து வைக்கிற கோழிக்குழம்பின் வாசனை மதிலைத் தாண்டி வரும்போது எனக்கு நாளிதழில் ஓர் எழுத்தும் ஓடாது. அதனால் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

“அக்கா, ஏலத்துல அவனை நான்தான் எடுப்பேன். குழம்பு நீங்கதான் வைக்கணும்.”

“அதுக்கு அவன் இருக்கணும்லா சாரே” என்றார் ஸ்டெல்லா அக்கா.

அங்கேதான் சேஃப்டி களத்தில் இறங்கினார். கூட்டின் மேல் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஆணி அடித்து, எண்கள் எழுதிய தகரத் துண்டுகளை மாட்டினார். தினமும் காலை ஏழே காலுக்குப் பழைய எண்ணைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். பிறகு கூட்டுக்கு முன்னால் நின்று வகுப்பு. “நேத்து ஒருத்தி தனியா கையாலைக்க மேல ஏறி நிண்ணா. யாருண்ணு எனக்குத் தெரியும். பேரு பறயல்ல.” கையாலை என்பது ரப்பர் தோட்டத்து எல்லையிலிருக்கும் மண்சுவர். கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்கும். எங்கள் அலுவலகக் கூட்டங்களில் அந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் கீரி ஒரு பெட்டையைக் கொண்டுபோனது. சேஃப்டி பூஜ்யத்தை மாட்டினார். பிறகு, சிதறிக் கிடந்த இறகுகளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, நேரில் கண்ட சாட்சியான என்னை விசாரிக்க வந்தார்.

“கீரி எந்தப் பக்கம் நிண்ணு வந்து?”

“ரப்பர் தோட்டம்.”

“ஸ்பீடு?”

“நான் அளக்கல.”

“சாரு அப்ப என்ன நடவடிக்கை எடுத்திய?”

“பல்லு தேய்ச்சேன்.”

அதையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். விபத்து நடந்த நேரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் என்று ஓர் ஆவணத்தில் நான் இன்றும் இருக்கிறேன்.

பின்பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற தங்கையன் வந்து பார்த்துவிட்டு, “இதுக்குப் போயி எழுத்தும் குத்தும் என்னத்துக்கு? ஒரு பொறி வச்சுப் பிடிச்சு அடிச்சுக் களயணும்” என்றார்.

“கீரி மேல குத்தம் இல்ல மக்கா” என்றார் சேஃப்டி. “அது அதுக்க ஜோலியப் பாக்குது. ஓட்டை நம்மளுக்க சிஸ்டத்துல.”

சிஸ்டத்தைச் சரிசெய்ய, கொல்லாமரத்தடியில், அதாவது முந்திரி மரத்தடியில், பச்சைப் பலகை ஒன்று நட்டு, ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஓடி வந்து கூடும் இடம் என்று அறிவித்தார். விசில் அடித்தால் கோழிகள் அங்கே வர வேண்டும். வந்தால் ஒரு பிடி அரிசி. நான்கே நாளில் கோழிகள் கற்றுக்கொண்டன. நான் மனமாரப் பாராட்டினேன். சங்கடம் என்னவென்றால், கையாலைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆளும் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வாரம் அவர் விசில் அடித்தபோது கொல்லாமரத்தடிக்குக் கோழிகளுக்கு முன்னால் கீரி வந்து காத்திருந்தது. ஊர்க் கோழிகளை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டித் தருகிற மனிதரை அதுவும் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்திருக்கும்.

பலகையில் மறுபடியும் பூஜ்யம். போனது ஒரு பெட்டைதான், நேர்ச்சைக்காரன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு சேஃப்டி சோறு தின்னவில்லை. ஸ்டெல்லா அக்கா மதிலோரம் வந்து, “அந்தப் பூஜ்யத்தக் கண்டா இவருக்கு வெப்ராளம் சாரே. நீங்க ஒண்ணும் கேலி பேசியாண்டாம்” என்றார். நான் கேலி பேசுவதாக இருந்தேன். பேசவில்லை.

மறுநாள் நேர்ச்சைக்காரன் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். சேஃப்டி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு நிற வேலைச் சட்டையை வெட்டி, வெள்ளிப் பட்டைகூடப் போகாமல் ஸ்டெல்லா அக்கா தைத்துக் கொடுத்திருந்தார். கழுத்திலும் வயிற்றிலும் பர்ர் என்று பிரிகிற வெல்க்ரோ.

“பட்டன் வச்சிருக்கலாமே?” என்றேன்.

“மெசினுல சட்டை மாட்டினா, சட்டை பறிஞ்சு போணும். ஆளு நிக்கணும். அதுதான் கணக்கு.”

முதல் இரண்டு நாள் பெட்டைகள் அவனை அண்டவிடவில்லை. மூன்றாம் நாள் அவன் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, ரோடு கான்ட்ராக்டர் மாதிரி முற்றத்தில் உலாத்த ஆரம்பித்தான். பலகையில் எண் ஏறியது. பத்து, இருபது, நாற்பது. நானும் காலையில் எழுந்ததும் மதில் வழியே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனேன்.

நாற்பத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அது நடந்தது. கொல்லாமரத்துக்குப் பின்னாலிருந்து கீரி ஒரே பாய்ச்சலாக வந்து நேர்ச்சைக்காரனின் முதுகைக் கவ்வியது. வாயில் அகப்பட்டது சட்டை. பர்ர் என்று ஒரு சத்தம். சேவல் வெற்றுடம்போடு எங்கள் மதில் மேல் இருந்தது. கீரி சட்டையோடு உருண்டது. உருண்ட வேகத்தில் பிரிந்த வெல்க்ரோ அதன் கழுத்தைச் சுற்றி மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சுச் சட்டை போட்ட கீரி ஒரு கணம் சேஃப்டி, ஸ்டெல்லா அக்கா, நான் என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். பிறகு அது தோட்டத்துக்குள் ஓடிவிட்டது.

சேஃப்டி சேவலை எடுத்து, தலை முதல் கால் வரைக்கும் தடவிப் பார்த்தார். வாலில் இரண்டு இறகு குறைந்திருந்தது.

“பூஜ்யமா?” என்றேன்.

“இல்ல சாரே. இதுக்குப் பேரு நியர் மிஸ், மயிரிழையில தப்பினது.” சேவலைக் கீழே விடாமலே பலகையைப் பார்த்தார். “நம்பரு நிக்கும்.”

அடுத்த நாள் விடிந்ததும் தங்கையன் பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “மரத்துக்க எடையில ரோடு வேலைக்காரன் ஒருத்தன் நிக்கான். ஒரு சாண் ஒயரந்தான் இருக்கான்.” அதன் பிறகு கீரி மூன்று முறை வந்தது. தோட்டத்தின் அந்தக் கோடியில் ஆரஞ்சு தெரிந்ததுமே கோழிகள் கூட்டுக்குள் போய்விடும். பாவம், அது பதுங்கிப் பதுங்கித்தான் வந்தது. தன்மேல் வெள்ளிப் பட்டை மின்னுவது அதற்குத் தெரியாது. மூன்றாவது முறை முற்றத்தின் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.

தெருவே சிரித்தது. சேஃப்டி சிரிக்கவில்லை. “இன்னும் கழரல்லியே. கழுத்து முறுகிச்சுண்ணா?” என்று தொடங்கினார். கோழி தின்ன வந்த கீரியின் கழுத்துக்காக, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, நானும் அவரும் நான்கு நாள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றினோம். ஐந்தாம் நாள் கையாலையில் ஒரு முள்ளில் சட்டை மாட்டிக் கிடந்தது. வெல்க்ரோ பிரிந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை.

“சட்டை பறிஞ்சு போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையாலை மேல் உட்கார்ந்தார். பிறகு சட்டையை மடித்தபடியே சொன்னார்:

“சாரே, நான் ஆபீசரு ஒண்ணும் இல்ல. அங்க கேட்டுல ஒரு போர்டு உண்டு. தெனம் காலையில அதில நம்பரு மாத்துதது எனக்க ஜோலி. இரணியல்காரன் ஒருத்தன் எனக்கு ரூம்ல கூட்டு. ஒரே சட்டியில சோறு வச்சுத் தின்னவனுவ. கெட்டடத்துச் சாரத்துல நிண்ணு விழுந்தான். மறுநாளு காலையில அந்தப் பூஜ்யத்தக் கொண்டு மாட்டினது நான்தான். அந்த வாரந்தான் ஸ்டெல்லா சாவலு நேந்தா.”

மடித்த சட்டையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு வீட்டுக்கு நடந்தோம்.

கீரி அதன் பிறகு வரவில்லை. அவமானம் தாங்காமல் கீரிப்பாறை மலைக்கே போயிருக்கும் என்று தங்கையன் சொன்னார். அறுபத்தோராம் நாள் திருவிழா. நேர்ச்சைக்காரனைக் குளிப்பாட்டி, காலில் சிவப்பு நாடா கட்டிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். ஸ்டெல்லா அக்கா முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சேஃப்டி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொடிமரத்தடியில் நின்றார். அவர் தலைமுடியை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏலம் விடுவது கோயில்பிள்ளை, அதாவது கோயில் காரியங்களைக் கவனிக்கிறவர். ஒரு தேங்காயை வைத்துக் கால் மணி நேரம் கூட்டத்தைச் சீண்டி, மச்சானையும் மைத்துனனையும் மோதவிட்டு, விலையைத் தென்னை உயரத்துக்கு ஏற்றுகிற கெட்டிக்காரர். அவர் சேவலைத் தூக்கிக் காட்டினார். என் சட்டைப் பையில் பணம் தயாராக இருந்தது.

“நூறு” என்றார் சேஃப்டி. அவர் கேட்பார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. கேட்டது சேவலைப் பார்த்து, கோயில்பிள்ளையைப் பார்த்து இல்லை.

நூற்றைம்பது என் நாக்கு நுனியில் இருந்தது. வறுத்தரைத்த குழம்பின் வாசனையும் அதே இடத்தில் இருந்தது. ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சுற்றிலும் எங்கள் தெருக்காரர்கள்தான். இரண்டு மாதமாக ஏழே காலுக்கு அந்த வகுப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். தங்கையன் கொடியை அண்ணாந்து பார்த்தார். ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

கோயில்பிள்ளை ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துச் சேவலைச் சேஃப்டி கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததாக ஒரு வாழைக்குலையை எடுத்தார். கோயிலுக்கு நட்டமாகிவிட்டதே என்று கூசி, சேஃப்டி அந்தக் குலையை யாரும் கேட்காத விலைக்கு எடுத்தார்.

அன்று மத்தியானம் மதிலுக்கு மேலே ஒரு கிண்ணம் வந்தது. பிராய்லர் கோழிதான், ஆனால் வறுத்தரைத்தது. “சாரு வாய மூடினதுக்கு” என்றார் ஸ்டெல்லா அக்கா.

அடுத்த வருஷம் மனைவிக்கு மாற்றல் வந்து ஊர் திரும்பிவிட்டோம். ஆனால் தினமும் காலை ஏழே காலுக்கு சேஃப்டியிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வரும். வணக்கம் கிடையாது, பூப் படம் கிடையாது, வெறும் எண் மட்டும். முதலில் சிரித்தேன். இப்போது அது பத்து நிமிஷம் தாமதித்தால் எனக்குக் காபி இறங்குவதில்லை. இன்று காலை எண்ணூற்று முப்பத்தேழு வந்தது. சேவல் நன்றாக இருக்கிறது, மாட்டுகிற கையும் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் பல் தேய்க்கப் போனேன்.