டாக்டரம்மாவிடம் சொல்லக் கூடாத சங்கதி

கோயமுத்தூர் மரியாதை ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த மரியாதையாலேயே ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போன மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். பீளமேட்டில் எங்கள் வீட்டு ஓனர். மாடியில் நான், கீழே அவரும் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும். பெற்றோர் வைத்த பெயர் கேஸ் பில்லில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் 'மருவாதி அண்ணா'.

கேட்டை அடைத்துப் படுத்திருக்கும் நாயிடம், "ஏனுங்க, சித்த தள்ளிப் படுத்துக்கறீங்களா? வண்டிய எடுக்கோணும்" என்பார். நாய் மனது வைக்கும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லோன் வேண்டுமா என்று போனில் கேட்கும் பெண்ணிடம், "இப்பத்திக்கு வேண்டாமுங்க அம்மணி. சாப்டீங்களா? எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பார். கடைசியில் அந்தப் பெண்தான் போனை வைக்க வழி தேடுவாள். நான் மோட்டாரை நிறுத்த மறந்து டேங்க் வழிந்தால், தானே நிறுத்திவிட்டு மாடியேறி வந்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்களக் கேக்காம மோட்டார நிறுத்திப்போட்டேன்" என்பார். இவரிடம் நான் எந்த முகத்தோடு குடியிருப்பது, சொல்லுங்கள்!

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரமடையில் சொந்தக்காரர் வீட்டு விருந்து. இலைக்கு மேல் கையை நீட்டிப் 'போதும்' என்றால் பரிமாறுகிறவர் மனம் நோகுமே! ஒப்புட்டு என்கிற போளி, அதன்மேல் நெய், மறுபடி ஒப்புட்டு. திரும்பி வரும்போதே வயிற்றுக்குள் பிடித்து இழுக்க ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. விருந்து வைத்தவர்கள் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்கள்?

மறுநாள் நான் பார்த்தபோது ஆள் வில்லாக வளைந்து உட்கார்ந்திருந்தார். வலி வந்து முறுக்கும், விடும், திரும்ப முறுக்கும். பக்கத்து வீட்டம்மா இஞ்சி சோடா கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் முழுவதும் குடித்தார். அந்தம்மாவைக் கேட்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்துதான் வாந்தி எடுத்தார். பச்சை நிறத்தில் வந்தது. வயிறு உப்பித் தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது. மலமும் இல்லை, காற்றும் இல்லை.

அக்கா விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். பச்சையாக வாந்தி எடுக்கிறவருக்கு எண்ணெயா? பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாச்சும் ஆச்சுங்களா?" என்று கேட்டார்.

"கண்ணாலமான புதுசுல குடல்வால் வெடிச்சுப்போச்சுங்க. பொழைக்க மாட்டாருன்னு கையை விரிச்சுப்போட்டாங்க" என்றார் அக்கா.

எனக்கோ எதையும் குடைந்து கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். அன்றைய ஆபரேஷனுக்கும் இன்றைய வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டாக்டரம்மா சலித்துக்கொள்ளவில்லை. "வெளிய இருக்கற தழும்பு உள்ளயும் இருக்குமுங்க. அது கயிறாட்டம் சிறுகுடலப் புடிச்சு இழுக்குது. தோட்டத்து ஓஸ் பைப்பு மடங்குனா தண்ணி நிக்குமில்லீங்க, அதே கதைதான். எண்ணெய் கிண்ணெய் குடுக்காம வந்தீங்களே, நல்லதாப் போச்சு."

"அப்ப ஆபரேஷனுங்களா?" என்றேன்.

"எடுத்ததும் கத்தி வேண்டாமுங்க. குடலுக்கு ஓய்வு குடுப்போம். வாயில சொட்டுத் தண்ணி கூடாது. மூக்கு வழியா குழாய் விட்டு, தேங்குனத வெளிய எடுப்போம். ட்ரிப்ஸ்ல தண்ணியும் உப்பும் போகும். நெறையப் பேருக்கு இதுலயே சரியாயிரும். வலி விடாம அடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரெண்டு மூணு நாள்ல வழி தொறக்கலீன்னாலோதான் ஆபரேஷன்."

"தொறந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"காத்து பிரியோணுமுங்க. அதுதான் நமக்கு நல்ல சேதி."

ஒன்றும் கொடுக்காமல் இருப்பதே வைத்தியம், எல்லோரும் முகம் சுளிக்கும் சமாச்சாரமே நல்ல சேதி! எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. அக்காவுக்கு அதிலெல்லாம் மனசு போகவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொருக்கா இவர உள்ள அனுப்பிச்சுப்போட்டு வெளிய நிக்க என்னால ஆகாது தம்பி" என்றார்.

அண்ணா மூக்கில் குழாயை விட்ட நர்ஸிடம், "உங்களுக்குச் சிரமம் குடுக்கறேனுங்க" என்றார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் இளநீரை நீட்ட, அவர் மரியாதைக்குக் கை நீட்ட, நடுவில் பாய்ந்து பிடுங்குவது என் வேலையாயிற்று. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நர்ஸ் கேட்டார், வார்டைக் கூட்ட வந்த அம்மா கேட்டார், ஈரோட்டிலிருந்து மச்சான் போனில் கேட்டார். "காத்து பிரிஞ்சுதுங்களா?" அண்ணா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க" என்பார்.

இரண்டு நாள் ஓடிவிட்டது. டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துக் குழம்பினார். "வயிறு எளகியிருக்கு. மூக்குக் குழாய்ப் பையிலயும் வர்றது கொறஞ்சிருக்கு. ஆனா காத்தே பிரியலீங்கறாரே! இதுக்கு மேல விடறது நல்லதில்லீங்க. சாயந்திரம் தியேட்டருக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அக்கா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து இந்த மனிதர் ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறார். உள்ளே போனதும் பைப்பை முழுசாகத் திறந்துவிடுகிறார்.

"ஏனுங்கண்ணா, பாத்ரூம்ல எதுக்குங்க தண்ணி அப்படி ஓடுது?"

காது மடல்வரை சிவந்துபோனார். "சத்தம் வெளிய கேக்கப்படாதில்லீங்க தம்பி..."

"அப்ப பிரிஞ்சிருச்சா?"

"வெடியால இருந்தே பிரியுதுங்க."

"அடக் கடவுளே! டாக்டர்கிட்டச் சொல்லறதுக்கென்ன?"

"நம்ம புள்ள வயசுங்க அவங்களுக்கு. பொம்பளப் புள்ளகிட்ட அந்தப் பேச்செல்லாம் எப்படிங்க பேசறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "வயித்தக் கிழிச்சாலும் கிழிக்கட்டும், வார்த்தை மட்டும் வராதுங்களா? வெளிய போயிப் பாருங்க, அக்கா எப்படி அழுதுட்டு இருக்காங்கன்னு!"

அவர் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை. முகம் மாறியது. கட்டிலைப் பிடித்து எழுந்தார், கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அம்மணி, தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க கேட்டீங்களே, அது... காலையிலயே போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுப் போயிருச்சுங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது தெனமும் வந்து வந்து போகட்டுமுங்க!" என்று சொல்லி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஒன்றைக் குழாய் வழியாகச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்தார். மருந்து சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போயிருந்தது. ஆபரேஷன் ரத்து.

"அட மனுசா! நான் இருக்கற சாமிக்கெல்லாம் நேந்துட்டு உக்காந்திருக்கறேன், நீ பைப்பத் தொறந்துட்டு இருந்தியா?" அக்கா அவரை ஒருமையில் திட்டியது அன்றுதான். திட்டிக்கொண்டே அவர் காலை அமுக்கிவிட்டார்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டரம்மா எச்சரித்து அனுப்பினார். உள்தழும்பு அப்படியேதான் இருக்கும், மறுபடியும் மடங்கலாம். நன்றாக மென்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மறைக்காமல் ஓடி வர வேண்டும். அண்ணா எல்லாவற்றுக்கும் "சரீங்க" என்றார். மறைக்காமல் என்ற இடத்தில் மட்டும் குனிந்துகொண்டார்.

அந்த மனிதரை நம்பி என்ன பயன்? ஆகவே இப்போதெல்லாம் ஆபீசுக்குக் கிளம்பும்போது கீழே சற்று நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெண்கள் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, வெட்கத்தோடு மெல்லத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்ப எனக்குக் கை வருவதில்லை.