பச்சைக் கதவுக் கடையில் நான் கேட்ட மன்னிப்பு

என் கொழுந்தனாரின் மனைவியும், இருபத்தாறு வருஷமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவளுமான ஓரகத்திக்கு மூத்தவள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, ஆகவே கேட்டுவிட்டேன். என் போனை எடுக்கவே மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டதாகப் பேத்தி சொன்னாள், அதனால்தான் கடுதாசி. என் கையெழுத்து புரியவில்லை என்று உன் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லாதே. நீயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. இதில் ஒரு மன்னிப்பு இருக்கிறது, அதை மூன்றாம் மனுஷர் வாயால் கேட்கக்கூடாது.

போன வியாழக்கிழமை அந்தப் பீட்சாக் கடையில் நீ இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, "கிழவி மாறவே இல்ல, சாகுற வரைக்கும் மாறமாட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாயாம். நான் வந்தேன். இருபதாம் தேதி நீ உன் மகளோடு கடல் தாண்டிப் போகிறாய், போனால் இனிமேல் இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று தெரிந்து, இடுப்பு வலியோடு வந்தேன். வந்து உன்னை மன்னித்தும் விட்டேன். நான் மன்னித்தது உன்னை இல்லை என்பதுதான் பிறகு தெரிந்தது. எனக்கே இன்னும் தலை சுற்றுகிறது, ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வீட்டு வாசலை நீ மிதிக்கக்கூடாது, நாம் இரண்டு பேரும் இனி ஒரே தட்டில் கை வைப்பதில்லை என்று சபதம் போட்டது நான்தான். அதனால்தான் பேரப்பிள்ளைகள் இரண்டும் கூடிப் பேசி, நம் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு வாசலைத் தேடியிருக்கிறார்கள். உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர், ஒரே கடைத்தெரு, அதில் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. "பீட்சாவை ஒரே தட்டுலதானே வைப்பாங்க?" என்று பேத்தியைக் கேட்டேன். "தட்டு இல்ல பாட்டி, மரப்பலகை" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சபதத்தில் பலகை இல்லை. சரி என்றேன். "பச்சைக் கதவு போட்ட கடை, மறந்துடாதீங்க" என்றும் சொன்னாள், அல்லது அவள் சொன்னதாக எனக்கு ஞாபகம். அப்போது எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் கொஞ்ச நாளாக வீட்டில் என் ஞாபகத்தைப் பற்றித்தான் குசுகுசுப்பு. போன மாசம் மகள் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். கூடவே, பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் என்னை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது என்ன கிழமை என்பதையும் சொன்னேன். அப்படியும் அவர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

வியாழக்கிழமை மருமகன்தான் காரில் கொண்டுவந்தார். ஊருக்குள் நுழையும்போதே டயரில் காற்று இறங்கிவிட்டது. சாவி அடிக்கிற கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் பச்சைக் கதவு தெரிந்தது, இதுதான் என்று கை காட்டினேன். "அத்தை, நீங்க உள்ள போய் உட்காருங்க, நான் டயரை ஒட்டிட்டு வந்துடறேன்" என்று இறக்கிவிட்டுப் போனார். என் பையும் பைக்குள் இருந்த போனும் காரோடு போய்விட்டன. உள்ளே போனால் பட்டப்பகலில் இருட்டு. மேஜைக்கு மேஜை சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட விரிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு காலி பாட்டிலின் வாயில் மெழுகுவர்த்தியைச் செருகி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அடுப்பு வாயைத் திறந்துகொண்டு எரிகிறது, அதன் முன்னால் முழங்கை வரைக்கும் மாவு பூசிய ஒருவர் ரொட்டி மாவை மேலே தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடிக்கிறார். சாப்பாட்டை வைத்து விளையாடுகிறவர் சமைத்ததையா சாப்பிடப்போகிறோம் என்று நிற்கும்போதே, பரிமாறுகிற பெண் வந்து, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் அவங்க ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்காங்க" என்று மூலை மேஜையைக் காட்டினாள்.

அங்கே ஒரு கிழவி. வெள்ளைத் தலை, தடிக் கண்ணாடி, ஒட்டிய கன்னம். உனக்குப் பருத்த உடம்பாயிற்றே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இருபத்தாறு வருஷம் ஆயிற்று, என்னை நினைத்து நினைத்து இளைத்திருப்பாய் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்வானேன், அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. அவள் எழுந்து நின்று, "வந்துட்டீங்களா அக்கா" என்றாள், கண்ணில் தண்ணீர். நீயும் என்னை அக்கா என்றுதானே கூப்பிடுவாய். அழுகையைப் பார்த்து இளகிவிடக்கூடாது என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"என் மக கல்யாணத்துல போட்டோ எடுக்கறப்ப என் முன்னால வந்து நின்னு மறைச்சது யாரு?"

அவள் கொஞ்ச நேரம் விழித்தாள். "நான்தான் அக்கா. தப்புதான்."

"போன்ல என் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னது?"

"சொல்லியிருப்பேன் அக்கா. தப்புதான்."

"குளிருக்குப் போத்திக்கோங்கன்னு கம்பளியைக் கொடுத்துட்டு, மூணாம் நாளே திருப்பிக் கேட்டது?"

"ஐயையோ, அதுவும் நானா? தப்புதான் அக்கா."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. மொத்தம் பதினேழு விஷயம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், மூன்றோடு நின்றுவிட்டேன். எதிர்த்துப் பேசாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு அந்தப் பழக்கமே இல்லை, நீ கொடுத்ததில்லை. சரி போ, மன்னித்துவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா அக்கா? நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேனே, ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ எப்போது நாற்பது நாள் கிடந்தாய்? மனசுக்குள்ளே வருஷம் வருஷமாகத் தேடினேன். உன் குடல்வால் ஆபரேஷன் ஆறு நாள். இரண்டாவது பிரசவம் நாலு நாள், அப்போது நீ கேட்ட தலையணையின் உறை நிறம்கூடச் சொல்வேன். நாற்பது நாள் எங்குமே இல்லை. அதற்குள் அவள் அடுத்ததை எடுத்துவிட்டாள். "அப்புறம் என் தையல் மிஷின். இரவல் வாங்கிட்டுப் போய் மிதியை உடைச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கொண்டுவந்து வச்சுட்டுப் போனீங்களே, நியாயமா?" எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவள் அடித்துச் சொன்ன வேகத்தில், என் கால் ஒரு மிஷின் மிதியை உடைத்தது மாதிரியே எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் டாக்டர் சொன்னது சரிதானா? முழுசாக நாற்பது நாள் என் தலையிலிருந்து எங்கே போயிற்று? எனக்கு ஞாபகம் இல்லை என்று வாயைத் திறந்தால், இவள் பேரன் என் பேத்தியிடம் சொல்வான், பேத்தி என் மகளிடம் சொல்வாள், அடுத்த வாரமே என்னைத் தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார்கள் என்று எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில், பிறந்ததிலிருந்து சொல்லாததைச் சொன்னேன். "ஆமா, வராதது என் தப்புதான். மிதியும் என் தப்புதான். மனசுல வச்சுக்காதே." சொன்னதும் என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, மூட்டு வலி, மாத்திரை, தூக்கம் வராதது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பலகை வந்தது. வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரொட்டி, அதன் மேல் சிவப்பாக ஏதோ, அதற்கும் மேல் கறுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. யாரோ பாதி தின்றுவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆலிவ் காய்மா, கொட்டையை எடுத்திருக்கோம்" என்றாள். முள்கரண்டி கேட்டால், கையால் எடுத்துச் சாப்பிடுங்கள் என்கிறாள், நம்மிடம் கரண்டியால் சாப்பிடு என்று பிள்ளைகள் உயிரை வாங்குகிறார்களே, அது எதற்கு? நான் ஒரு துண்டை இழுத்தேன், அவள் ஒரு துண்டை இழுத்தாள், இரண்டுக்கும் நடுவில் சீஸ் கயிறு மாதிரி நீண்டுகொண்டே போகிறது. அவள் நாற்காலியோடு பின்னால் சாய்கிறாள், நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், அது அறுவதாக இல்லை. மாவுக்காரர் அடுப்பை விட்டு ஓடிவந்து சின்னச் சக்கரத்தால் அறுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. நீயும் நானும் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே, "நம்ம மாமியார் இப்ப இருந்து பாத்திருக்கணும்" என்றேன்.

அவள் மெல்வதை நிறுத்தினாள். "உங்க மாமியார் எனக்கு எப்படி அக்கா மாமியார் ஆவாங்க?"

நான் அவளைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். "நீங்க எங்க மாடியில குடியிருந்த அக்காதானே?" என்கிறாள். நான் என் ஆயுசில் யார் மாடியிலும் குடியிருந்ததில்லை. சரியாக அப்போது பேத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "பாட்டி! தெருக் கோடிக் கடையில ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கோம். சின்னப் பாட்டி கோவிச்சுக்கிட்டு இப்பதான் கிளம்பிப் போனாங்க. இவங்க யாரு?" என்றாள். பின்னாலேயே மருமகன், டயர் ஒட்டுகிற கடைச் சத்தத்தில் அவருக்குப் போன் மணியே கேட்கவில்லையாம். "அத்தை, நீங்கதானே இந்தக் கடைதான்னு கை காட்டினீங்க?" என்றார். காட்டினேன் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் பார், டாக்டரும் மகளும் பார்த்துக்கொண்ட அதே பார்வை. எனக்கு அந்த நாற்காலியிலேயே கரைந்துவிடலாம் போல இருந்தது.

அந்த அம்மாதான் என் பக்கம் பேசினாள். "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு என்மேலதான். போட்டோ, கம்பளி எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல. மறந்துபோச்சுன்னு தெரிஞ்சா என் மருமக என்னைத் தனியா வெளிய விடமாட்டா. அதான் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னேன்" என்றாள். நானும் அதற்காகத்தான் ஆமாம் சொன்னேன் என்பதைப் பேத்தி எதிரில் எப்படிச் சொல்வது? காதோடு சொன்னேன். பரிமாறுகிற பெண் பலகையை எடுக்க வந்தவள் பேத்தியிடம் மெதுவாக, "இவங்க ஆறு வாரமா வியாழக்கிழமை தவறாம வர்றாங்க. மாடி வீட்டு அக்காவுக்குக் கடுதாசி போட்டுட்டு வந்து, ரெண்டு தம்ளர் வைக்கச் சொல்லி உக்காந்திருப்பாங்க. இன்னிக்குத்தான் எதிர்ல ஆள்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு அந்த இரண்டாவது தம்ளர்தான் கண்ணில் நிற்கிறது. நீயும் இரண்டு மணி நேரம் அப்படித்தானே உட்கார்ந்திருப்பாய். எனக்காக நீ காத்திருப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை. கடை மாறிப் போனது என் தப்பு. உன்னைக் காக்க வைத்தது என் தப்பு. முன்பின் தெரியாதவளிடம் செய்யாததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவள், உன்னிடம் செய்ததற்குக் கேட்க வேண்டாமா? என் மகளின் அந்தக் கல்யாணப் படத்தில் உனக்குப் பின்னால் என் காதும் பாதிக் கொண்டையும்தான் தெரிகிறது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், படம் கைக்கு வந்த அன்றைக்கே ஆத்திரத்தில் அதிலிருந்து உன்னைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டும்போது என் காதும் கொண்டையும் சேர்ந்து போய்விட்டன. இப்போது அதில் நானும் இல்லை, நீயும் இல்லை, சம்பந்தி வீட்டுக்காரர்கள்தான் நிற்கிறார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், மன்னித்துக்கொள். இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போ. என் ஞாபகம் இனிமேல் எத்தனை நாளைக்கோ தெரியவில்லை.

உன் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். உன் மகளுக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்குத் தனியாக ஒன்று. உன் முழங்கால் வலியை நான் விசாரித்ததாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
மூத்தவள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் பேத்தி வந்தாள். உன் பேரன் இப்போதுதான் அவளிடம் உண்மையைக் கக்கினானாம். பேசி வைத்தது பச்சைக் கதவுக் கடையேதான். அன்றைக்குப் பழக்க தோஷத்தில், தான் எப்போதும் போகிற கோடிக் கடைக்கு உங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம், இடம் பார்த்தது அவன் என்பதால் பேத்தியும் கதவைக் கவனிக்காமல் பின்னாலேயே உள்ளே போய்விட்டாளாம். உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்ததாம், அதற்குள் நீ மேஜையிலிருந்த ரொட்டிக்குச்சியைக் கடிக்க ஆரம்பித்துவிட்டதால் உன்னை எழுப்பப் பயந்து பேசாமல் இருந்துவிட்டானாம். ஆக, சரியான கடையில் சரியான நேரத்துக்கு வந்தவள் நான் ஒருத்திதான். என் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, மகளிடமும் மருமகனிடமும் இதை இரண்டு இரண்டு தடவை சொல்லிவிட்டேன், டாக்டருக்கும் தகவல் போகிறது. கடுதாசியைத் திரும்ப எழுத என் விரலுக்குத் தெம்பு இல்லை, ஆகவே மேலே எங்கெல்லாம் என் தப்பு என்று வருகிறதோ அங்கெல்லாம் உன் தப்பு என்று படித்துக்கொள். மிச்சம் பதினான்கு விஷயமும் வரிசை மாறாமல் அப்படியே இருக்கிறது. மேலே கேட்ட மன்னிப்பை இதனால் ரத்து செய்கிறேன். அது வேண்டும் என்றால் வருகிற வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பச்சைக் கதவுக் கடைக்கு நேரில் வந்து வாங்கிக்கொள். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், மூன்று தம்ளர் வைப்பார்கள்.