‘கொஞ்சம் இருங்க’ டாக்டர்

என் மனைவியின் வயிறு வீங்கியதற்குக் காரணம், நான் கிரிவலத்தில் பாதி வழியில் ஷேர் ஆட்டோ ஏறியதுதான் என்று நம்பியிருந்தேன். சரளாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் மலையைச் சுற்றி நடப்பதாக வேண்டுதல். முடிந்தது, நடந்தேன். முழங்கால் முனகியது, ஏறிவிட்டேன். அடுத்த வாரமே அவளுக்கு இடுப்புவலி, காய்ச்சல், வயிற்றில் நீர்.

ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். படம் பார்த்துச் சொல்பவர், ஊரே ‘கொஞ்சம் இருங்க’ டாக்டர் என்று அழைத்த மனிதர். திருவண்ணாமலையில் அவரைவிட நிதானமானது அந்த மலை மட்டும்தான். சிக்னலில் பச்சை விழுந்தாலும், "கொஞ்சம் இருங்க, எவனாவது குறுக்க வருவான்" என்பார். தாலியைக் கையில் வைத்துக்கொண்டும் அதையே சொன்னதாக வதந்தி. மறுப்பு இன்னும் வரவில்லை.

சரளாவின் கையில் ஊசி வழியாக, ஸ்கேனில் பளிச்சிடும் மருந்தை ஏற்றி, முதல் படங்களை எடுத்தார்கள். திரையில் இரண்டு கிட்னியும் பளிச்சென்று தெரிந்தன.

"நல்லா இருக்கா டாக்டர்?"

"இது வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

பாதியைக் காதில் வாங்காமல், கீழ்பென்னாத்தூரிலிருக்கும் மாமியாருக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டேன். சரளாவின் செருப்பைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல செய்தி என்றால் நமக்குத்தான் எத்தனை அவசரம்!

"கொஞ்சம் இருங்க. மருந்து இன்னும் கிட்னியிலதான் இருக்கு. குழாய் வழியா மூத்திரப்பைக்கு இறங்கணும். எங்கயாச்சும் ஒழுகுதான்னு அப்பதான் தெரியும்."

ஸ்ட்ரெச்சரில் சரளா, பக்கத்தில் நான், எதிரே சாப்பாட்டு வேளையை மறந்த டாக்டர். பயத்தில் ஆட்டோ விஷயத்தை உளறிவிட்டேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். "ஆட்டோல போனது நீங்க. வயிறு வீங்கினது அவங்களுக்கு. சாமி ஆள் மாத்தியா புடிக்கும்?"

"ஆட்டோவா?" என்றாள் சரளா. "முழுசா சுத்திட்டேன்னு என் தங்கச்சிய வெந்நீர் போட வெச்சு காலை ஊறப்போட்டீங்களே?"

மறுபடியும் படம் எடுத்தார்கள். வலதுபக்கம் மருந்து நூல் பிடித்தாற்போல் இறங்கியிருந்தது. இடதுபக்கம், மூத்திரப்பைக்குச் சற்று மேலே, குழாய்க்கு வெளியே கசிந்து திட்டாகத் தேங்கியிருந்தது.

"ஆபரேஷன்ல குழாய் அடிபட்டிருக்கு. மூத்திரம் உள்ளயே ஒழுகித்தான் வயிறு வீங்கியிருக்கு. சில பேருக்கு ஆகறதுதான். சரி பண்ணிடலாம்மா, பயப்படாதீங்க" என்றபடியே சர்ஜனுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் யாரோ அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள்.

"இருக்க முடியாதுங்க," என்றார் டாக்டர். "இப்பவே குடுங்க அவர்கிட்ட."

அன்று மாலையே குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்தார்கள். கிழிசல் ஆறியது. கிட்னி பிழைத்தது.