அசுவசித்தரின் வெற்றிப் பலகை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்கழி மாதம். லண்டனில் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் ட்ராமில் நிற்க இடமில்லை. நகரின் மறுகோடியான ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மூன்று வாகனம் மாறி வந்த குடும்பங்கள், ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், பூசைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த கத்தோலிக்கர்கள் என்று ஒரே சனம். கலியாண வீடா என்றால் அதுவும் இல்லை. ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் அசுவசித்தர் வாமதேவன் குதிரைகளுக்குச் சாதகம் பார்க்கிறார்!

மனிதருக்குப் பார்த்து அலுத்துவிட்டதாம்.

வருகிற சனிக்கிழமை இளங்குதிரைகள் வேலி தாண்டும் பந்தயம். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே ஒரு குதிரை ஆயுளில் ஒரே முறைதான் அதில் ஓடும். அடுத்த ஆண்டு அதற்கு நாலு வயதாகிவிடும்.

"பழைய குதிரை எண்டால் முந்தி என்னண்டு ஓடினது எண்டு பேப்பரில பாக்கலாம். இதுகள் பச்சைக் குழந்தையள். இதுகளுக்குச் சாதகம்தான் சாட்சி" என்பார் வாமதேவன். என்ன தர்க்கம்! யாருக்கும் ஒன்றும் தெரியாத இடமாகப் பார்த்துக் கடை விரிப்பதில் நம் சாமிமாரை மிஞ்ச ஆளில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை. அந்தப் பந்தயத்தில் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் வென்ற குதிரைகளின் பெயர்கள், நட்சத்திரங்கள், எந்தக் கிரகம் எந்தக் குதிரையைத் தூக்கிவிட்டது என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. சித்தர் முன்பு டெலிபோன் அட்டை விற்றவர். குதிரையைப் படத்தில் பார்த்ததோடு சரி.

சென்ற ஆண்டு அவர் சொன்ன குதிரை வென்றதாம். யாருக்குச் சொன்னார்? மிச்சத்தில் கேட்டால், "ஃபாரஸ்ட் கேட்டில ஒராளுக்கு" என்றார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் கேட்டால், "மிச்சத்தில ஒராளுக்கு" என்றார்கள். அந்த ஒராளைக் கண்டவர் மட்டும் எங்கும் இல்லை.

வரிசையின் முன்னால் பீற்றர் நின்றான். பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து தரைக்கு மாபிள் கல் பதிப்பவன். அவன் கோட்டுப் பைக்குள் ஆயிரத்து இருநூறு பவுண். மனைவி டொலறஸின் தம்பி ஜெஸ்ரினின் அகதி வழக்குக்கென்று சேர்த்த காசு அது. அடுத்த திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் சட்டத்தரணி மேல்முறையீட்டுக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் ஜெஸ்ரினைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை ஒன்று இரண்டானால் சட்டத்தரணிக்கும் ஆச்சு, மச்சானுக்கு ஒரு அறை எடுக்கவும் ஆச்சு என்பது பீற்றரின் கணக்கு. மனம் நல்லதுதான். மூளையைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

டொலறஸுக்கு எங்கே வேலை தெரியுமா? பந்தயக் கடையில், கல்லாவில்! ஒன்பது வருடமாகத் தோற்றவர்களின் முகங்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள். ஊரெல்லாம் யோசனை கேட்ட பீற்றர் அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பீற்றர் காசைத் தட்டில் வைத்தான்.

"தம்பி, நீ போய்க் கட்டினால் பலிக்காது. என்ர கையால கட்டவேணும்" என்று சித்தர் கையை நீட்டினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

டொலறஸ் படியேறி வந்து நின்றாள். அலுமாரியில் காசைக் காணாமல், கடைக்கு ஒருமுறை போய்விட்டு இங்கே வந்திருந்தாள். ஒரு வாரமாகக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சித்தரின் புகழையும் அவர் பலகையின் புகழையும்தானே பாடினார்கள்!

"உங்கட பலகையில பன்னிரண்டு வருசம்தான் இருக்கு. அதுக்கு முந்தி ஓடின ஆறு குதிரையளின்ர பேர் கொண்டந்திருக்கிறன். என்ன கிரகத்தால வெண்டதுகள் எண்டு சொல்லுவீங்களோ?"

சித்தருக்கு வாயெல்லாம் பல். பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"சில்வர் லான்டர்ன்... அடடா, பதினொண்டில சனி! வேலியில கால் முட்டாமல் பறந்திருக்கும். கோல்டன் பார்லி... குரு பார்வை! எல்லாரையும் பின்னால விட்டிட்டு வந்திருக்கும். மிஸ்டர் பாப்பிள்... செவ்வாய் உச்சம்! பயமே தெரியாத குதிரை."

ஆறையும் இப்படியே வெல்லவைத்தார். சனம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த சபாரத்தினத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரைக் கேட்டவுடனை சொல்லுறார் பாத்தியளே!" என்றார்.

டொலறஸ் பையிலிருந்து கடையின் பழைய பந்தயப் புத்தகத்தை எடுத்து அவரிடமே கொடுத்தாள். "அண்ணை, அந்த ஆறும் எத்தினையாவதா வந்தது எண்டு நீங்களே வாசியுங்கோ."

சபாரத்தினத்தார் கண்ணாடியை மாட்டினார். "சில்வர் லான்டர்ன்... முதலாம் வேலியில விழுந்தது. கோல்டன் பார்லி... கடைசி. மிஸ்டர் பாப்பிள்..." அவர் குரல் இறங்கியது. "வேலியைக் கண்டிட்டு ஓடமாட்டன் எண்டு நிண்டிட்டுது."

ஆறிலும் புத்திசாலி அதுதான். மற்ற மூன்றுக்கும் அதே கதிதான்.

"குதிரையள் பிறந்த திகதியை நீ மறைச்சிட்டாய்!" என்று சித்தர் பாய்ந்தார்.

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா. இந்த நாட்டில பந்தயக் குதிரை எந்த மாசம் பிறந்தாலும் சனவரி ஒண்டில இருந்துதான் வயசு எண்ணுவினம். சனிக்கிழமை ஓடுற பதினொண்டுக்கும் அந்த ஒரு நாள்தான். நீங்கள் எந்தத் திகதியை வைச்சுக் கணிச்சனீங்கள்?"

சித்தர் பலகையைப் பார்த்தார். பலகை உதவவில்லை.

"சனவரி ஒண்டு எண்டால் பதினொண்டுக்கும் ஒரே சாதகம். பதினொண்டும் முதலாவதா வருமோ ஐயா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு மாடியே சிரித்தது. சித்தரின் கை மட்டும் தட்டிலிருந்த காசை விடவில்லை.

"கையை எடுங்கோ" என்று பீற்றர் காசை இழுத்து எடுத்து டொலறஸிடம் கொடுத்தான். "நான் ஒரு விசரன்."

"ஓம்" என்றாள் அவள். "நாளைக்குக் காலமையே சட்டத்தரணியிட்டைப் போறம்." சொல்லிக்கொண்டே காசை இரண்டு தரம் எண்ணினாள். தம்பியல்லவா!

மற்றவர்களும் தட்டை மொய்த்துத் தங்கள் காசைப் பறித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தடியில் சித்தர் பின்கதவால் இறங்கிவிட்டார். எந்தக் கிரகம் வழிகாட்டியதோ!

ட்ராம் நிறுத்தம் வரைக்கும் சபாரத்தினத்தார் மூச்சு வாங்க டொலறஸின் பின்னால் ஓடி வந்தார்.

"தங்கச்சி, நீ கடையிலயே இருக்கிறாய். எனக்கு மட்டும் மெல்லமாச் சொல்லு. சனிக்கிழமை எது வெல்லும்?"

"கடை வெல்லும் அண்ணை."

மூன்று வயதுக் குதிரைகூட வேலியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்குகிறது. சபாரத்தினத்தாருக்கு அறுபத்து மூன்று. உங்களுக்கு எத்தனை வயது?