வாய்மூடி மாப்பிள்ளைக்கு வந்த கூச்சம்

அதான் சொல்றேன் கமலா, கள்ளக்குறிச்சிலேருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் தேடினாலும் எங்க வாய்மூடி மாதிரி ஒரு ஆளு கெடைக்கமாட்டாரு. என் தங்கச்சி அஞ்சலையோட வூட்டுக்காரருதான். கச்சிராயபாளையத்துல வெல்லம் காய்ச்சுறவரு. ஆனா அப்பல்லாம் ஒரு துணுக்கு வெல்லம் வாயில போட்டு எவரும் பாத்ததில்ல. சித்திர வெயில்லகூட துண்டால வாயப் பொத்திக்கினுதான் நடப்பாரு. அதுல வந்த பேருதான் வாய்மூடி.

எட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருசம், களமருதூர்ல எங்கப்பா வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாரு. கேசரியத் தொடல. எதக் கேட்டாலும் தலைய ஆட்டுனாரு.

"மாப்பிள்ள பேசவே மாட்டாரா?"ன்னாரு எங்கப்பா.

"அவனுக்குக் கூச்சம்ங்க"ன்னாரு கூட வந்த மாமாக்காரரு.

"பொண்ணு படவேண்டிய வெக்கத்தையும் சேத்து இவரே படுறாரே."

அஞ்சலை பானைத் தண்ணிய மொண்டு குடுத்தா. ஒரு வாய்தான் குடிச்சாரு, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எங்கம்மா என் காதுல, "இன்னாடி இது, நம்ம பொண்ணப் பாத்து அழுவுறாரு"ன்னாங்க. அஞ்சலை மூஞ்சி தொங்கிப்போச்சு. ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து தட்டிப்போன பொண்ணு அது. எங்கப்பா இந்த எடமும் வேணாம்னுட்டாரு.

வேணாம்னா எப்படிப் போவாங்க? அவங்க வந்து சேந்தப்புறம் மறியல்காரங்க ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க, பஸ்ஸு கெடையாது. வேணாம்னு சொன்ன மாப்பிள்ளைக்கே சோறு போட்டுக்கினு இருந்தோம்.

மறுநாள் காலையில கெணத்தாண்ட பரக்கு பரக்குன்னு சத்தம். யாரு தவல வெளக்குறாங்கன்னு நானும் அஞ்சலையும் போனோம். பாத்தா இவரு. செங்கல்பொடிய வச்சுப் பல்லு தேய்க்கிறாரு.

அஞ்சலைக்குப் பொறுக்கல. "அது பல்லா, பாத்திரமா? இப்படித் தேய்ச்சா கூசாதா?"

"கூசுது. அழுக்குதான் கூசுதுன்னு இன்னும் நல்லா தேய்க்கிறேன்."

"அப்ப உங்க மாமா சொன்ன கூச்சம்?"

"பல்லுக் கூச்சம். காத்துப் பட்டாக்கூட உசிரு போவுது. ஒன்னப் பாத்து எனக்கு இன்னா கூச்சம்?"

ஓடிப்போயி வென்னி வச்சு, வெதுவெதுன்னு ஆத்திக் கொண்டாந்து குடுத்தா. மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. அப்புறம் பேச ஆரம்பிச்சாரு பாரு, மத்தியானம் வரைக்கும் நிறுத்தல. "அந்தத் துண்ட யாராச்சும் எடுத்துக் குடுங்க"ன்னு எங்கப்பாவே சொல்லிட்டாரு. சொல்லும்போது சிரிச்சாரு. அஞ்சலையும் சிரிச்சா.

ரோடு தொறந்ததும் எங்கப்பாவே கள்ளக்குறிச்சி பல்லு டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போனாரு. சொத்தப் பல்லு எதுவும் இல்லியாம். தேய்ச்சித் தேய்ச்சே பல்லு மேல இருக்கிறது கரைஞ்சு, ஈறு வெலகி, வேரு தெரியுதாம். "செங்கல்பொடிய விடுங்க. மெத்துன்னு ஒரு பிரஷ்ஷு, கூச்சத்துக்குன்னு இருக்கிற பேஸ்ட்டு, பூவத் தொடுற மாதிரி தேய்ங்க. தெனமும் தேய்ச்சா சில வாரத்துல கம்மியாவும்"னாங்களாம்.

"பூ மாதிரி தேய்ச்சா தேய்ச்ச மாதிரியே இல்லியேங்க"ன்னு அந்தம்மாகிட்டயே வாதாடியிருக்காரு.

கல்யாணத்தன்னிக்குக் கேசரி மூணு தட்டு. நான்தான் வச்சேன்.

கூச்சம் போயி எவ்ளோ காலம் ஆச்சு. அவங்க வூட்ல இப்ப ஐஸ் தண்ணியே குடிக்கிறாரு. இங்க வந்தா மட்டும், "வென்னி எங்க அண்ணி?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாரு. இன்னிக்குப் பதினோரு மணி பஸ்ஸுல வர்றாரு. இரு கமலா, அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன். கொதிச்சிடப் போவுது, அவருக்கு வெதுவெதுன்னு ஆத்தி வைக்கணும்.