மெசின் பொய் சொல்லாது

ஒரு பொருளை வாங்கி மூன்று வாரம் ஆவதற்குள் அதில் ஊருக்கே ஆசானாகிவிடும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். கமரா வாங்கியவர் கலியாண மண்டபத்தில் போட்டோக்காரரை ஓரமாக நிறுத்தி வெளிச்சத்தைப் பற்றி விளக்குவார். பிரசர் பார்க்கும் கருவி வாங்கியவர் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் உங்கள் குளிசையை அரைவாசியாகக் குறைத்துவிடுவார். இந்த இனத்தில் அண்மையில் ஒரு புதுக் கிளை வெடித்திருக்கிறது: நிலத்துக்கடியில் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெசின் வாங்கியவர். இவர் எந்நேரமும் நிலத்தைப் பார்த்தபடி நடப்பார். அதை அடக்கம் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள்.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கத்தில் இந்தக் கிளைக்கு மாதிரியாகக் காட்டக்கூடியவர் என் வீட்டுக்கு எதிர்வீட்டுச் சண்முகலிங்கம் அண்ணை. முதுகுநோ என்று சொல்லிக் குப்பைப் பெட்டியை வீதிவரை தள்ளாத மனிதர். இங்கிலாந்தில் யாரோ ஒருவன் வயலுக்குள் பானை நிறையத் தங்கக்காசு எடுத்த வீடியோவை ஒரு சனிக்கிழமை பார்த்தார். அவ்வளவுதான். "அங்கை எடுத்தவன் எடுக்கேக்குள்ளை நான் இஞ்சை எடுக்கமாட்டனோ?" என்று கேட்டார். எந்த அரசன் வந்து மல்வேர்ன் டவுன்ஹவுசுக்குப் பின்னால் பானையைத் தாட்டான் என்று அவரிடம் யார் கேட்பது? நான் கேட்கவில்லை. பானை வந்தால் பார்க்க எனக்கும் ஓர் ஆசைதான்.

மெசின் வந்தது. அதோடு வந்த கைநூல் பெட்டியோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போனது. வாசித்துப் பழகுவது தெரியாதவன் வேலையல்லவா? காதுக்கு இரண்டு தேங்காய்ப்பாதி அளவில் கேட்கும் கருவி, முழங்காலுக்கு உறை, காட்டுப்போர்வீரன் காற்சட்டை, இடுப்பில் இரண்டு அறை வைத்த ஒரு பை. ஓர் அறை தங்கத்துக்கு, மற்றது குப்பைக்கு. தங்க அறையை இழுத்துத் திறக்கும் சிப் இன்றுவரை புதிதாகவே இருக்கிறது.

முதல் அகழ்வு சொந்தப் பின்வளவில், மனைவி யோகராணி அக்காவின் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நடந்தது. ஏழு கன்று போய் ஓர் ஆணி வந்தது. மனிதர் தளர்ந்தாரா? அதைப் பஞ்சில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "நூறு வருசத்து ஆணி, தெரியுமோ?" எங்கள் டவுன்ஹவுஸ் கட்டி நாற்பது வருசம். இரண்டாம் நாள் இன்னும் மூன்று ஆணி. மூன்றாம் நாள் ஒரு கதவுப்பிணைச்சல். முதுகுநோக்காரர் ஆறு மணித்தியாலம் குனிந்து நின்றார். குப்பைப் பெட்டியை அன்றும் அக்காதான் தள்ளினார்.

பிறகு ஏரிக்கரை மணலுக்குப் போனார். அங்கேதான் ஞானம் கிடைத்தது. சோடா ரின்களை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையம் இருக்கிறதே, ரொறன்ரோவில் இத்தனை காலம் இத்தனை பேர் குடித்த அத்தனை ரின்னுக்கும் உரிய வளையம் அந்த மணலுக்குள்தான் கிடக்கிறது. மெசின் கத்தும், இவர் தோண்டுவார், வளையம். கத்தும், தோண்டுவார், வளையம். அறுபத்து மூன்றாவது வளையத்தோடு பொறுமை அறுந்தது. ஏதோ ஒரு பட்டனைத் தேடிப் பிடித்து அமத்தி, அந்தச் சத்தத்துக்கு இனி வாய் திறக்காதே என்று மெசினுக்குக் கட்டளை போட்டார். மெசின் அடங்கியது. "இப்ப உது என்ரை சொல்லுக் கேக்குது" என்றார். அன்றிலிருந்து அவர் படிப்பதை நிறுத்திவிட்டுப் படிப்பிக்கத் தொடங்கினார்.

வீடுவீடாகப் போனார். கேட்டவர், கேளாதவர் என்ற பேதமின்றி எல்லோருடைய பின்வளவையும் தடவிப் பார்த்து, நோயாளியின் வீட்டாரிடம் பேசும் டொக்டரின் முகத்தோடு "உங்கடையிலை ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது சந்தேகப்பட்டால் ஒரே மறுமொழி: "மெசின் பொய் சொல்லாது."

இதுவரை ஒருவருக்கும் கெடுதி இல்லை, மிளகாய்க் கன்றுகளைத் தவிர. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யூலை மாதம் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் நடந்தது. நாற்பது பேர் வந்திருப்போம். கயிறிழுத்தல் முடிந்து, ஆட்டிறைச்சிக்கறியும் புட்டும் முடிந்து, கை கழுவும் நேரம். குழாய் தூரத்தில் இருந்தபடியால் மேசையடியில் பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். எழுபத்தொரு வயது இராசமணி அன்ரி சோப்புப் போட்டுக் கை கழுவினார். செலீன் தண்ணீர் வார்த்தாள். துடைத்துப் பார்த்தால் அன்ரியின் விரலில் மோதிரம் இல்லை.

"ஐயோ, அவர் போட்ட மோதிரம்!" என்று அன்ரி தொப்பென்று புல்லில் இருந்துவிட்டார். புருசன் காலமாகி ஒரு வருசம். மெலிந்துபோன விரலில் நூல் சுற்றி இறுக்கிப் போட்டிருந்த மோதிரம் அது.

செலீன் யார் என்று சொல்லவேண்டும். ஊரிலிருந்து வந்து மூன்று வருசம். வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. அங்கே யாருடைய நகையாவது காணாமல்போனால் தன்னை நோக்கி ஒரு கண்ணும் திரும்பக்கூடாது என்று, வேலைக்குப் போகும்போது தன் சொந்தத் தோட்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள். அன்று அந்தப் பூங்காவில் நின்ற நாலைந்து பேரின் தாய் தகப்பன் அந்த இல்லத்தில்தான் இருந்தார்கள்.

"ஒருத்தரும் அசையப்படாது!"

யார் என்று நினைக்கிறீர்கள்? காரின் டிக்கியிலிருந்து மெசினை எடுத்து, முழங்கால் உறையும் மாட்டி, இரண்டே நிமிடத்தில் வந்து நின்றார் சண்முகலிங்கம் அண்ணை. புல்லைக் கையால் துழாவிக்கொண்டிருந்த அன்ரியை எழுப்பினார். "அக்கா, கையாலை தடவுறதெல்லாம் அந்தக் காலம். எழும்புங்கோ." மேசையைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். மெசினின் நுனியிலிருந்த வட்டத்தட்டு இடமும் வலமும் ஆடியது. மெசின் ஊமையாக இருந்தது. காதுக்கருவியைக் கழற்றினார்.

"இந்த நிலத்திலை தங்கம் இல்லை."

"வடிவாப் பாத்தனியோ தம்பி?"

"மெசின் பொய் சொல்லாது அக்கா."

இப்போது கணக்கைப் பாருங்கள். மோதிரம் விரலில் கிடந்தது. வானத்துக்குப் பறக்கவில்லை. நிலத்திலும் இல்லையென்று சான்றிதழ் கிடைத்துவிட்டது. அப்படியானால்? நம்மவர்கள் இந்த இடத்தில் யாரையும் குற்றம் சொல்லமாட்டார்கள். மிகவும் நாகரிகமானவர்கள். சங்கத்தின் செயலாளர் அகஸ்ரின் தொண்டையைச் செருமினார். "நான் ஒருத்தரையும் சொல்லேல்லை. சும்மா கேக்கிறன், தண்ணி வாத்தது ஆர்?"

எல்லோருக்கும் பதில் தெரியும்.

செலீன் தன் கைப்பையை எடுத்து மேசையில் கொட்டினாள். பஸ் அட்டை, தலையிடிக் குளிசை, பாதி பிஸ்கட் பக்கற், படம் போட்ட வேலை அட்டை, கைக்குப் பூசும் கிறீம். கிறீம் மூடியையும் திறந்து வைத்தாள். பிறகு காற்சட்டைப் பொக்கற் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். இராசமணி அன்ரி மோதிரமில்லாத விரலைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அழவில்லை. சண்முகலிங்கம் அண்ணையிடம் போனாள்.

"அங்கிள், உங்கட விரலிலை கிடக்கிற மோதிரத்தைக் கழட்டி உந்தப் புல்லிலை போட்டிட்டு, மெசினை ஒருக்காப் பிடியுங்கோ."

அண்ணை பெருந்தன்மையோடு சிரித்தார். சின்னப்பிள்ளைக்கும் விளக்கத்தானே வேண்டும்? சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றிய மோதிரம் புல்லில், நாற்பது சோடிக் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்படி கிடந்தது. மெசினை அதன்மேல் பிடித்தார். சத்தமில்லை. இன்னும் பதித்துப் பிடித்தார். சத்தமில்லை. பொக்கற்றிலிருந்த வீட்டுத் திறப்பைப் புல்லில் எறிந்து, அதன்மேல் பிடித்தார். வீரிட்டுக் கத்தியது. மோதிரத்துக்கு வந்தார். ஊமை.

நீங்களும் நானும் என்றால் இந்த இடத்தில் ஏதோ பிழைவிட்டோம் என்று யோசித்திருப்போம். இந்த இனம் யோசிக்காது.

"அப்ப இந்த மோதிரம் தங்கமில்லை" என்றார்.

தேத்தண்ணீர்த் தட்டோடு அப்போதுதான் பூங்கா அடுப்புப் பக்கமிருந்து வந்து நின்ற யோகராணி அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லையப்பா, கலப்படம் போலை கிடக்கு. மெசின் பொய்..."

"உது என்ரை அப்பா உங்களுக்குப் போட்ட மோதிரம்."

முப்பத்தொரு வருசத்துக்கு முன், இருந்த ஒரு காணியை ஈடுவைத்து மருமகனுக்குப் போட்ட மோதிரம். ஒரு மெசினைக் காப்பாற்ற, செத்துப்போன மாமனாரை நாற்பது பேர் முன்னிலையில் கள்ளனாக்கிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா கையை நீட்டி மெசினை வாங்கினார்.

"அந்தப் புத்தகத்தைக் குப்பைக்குள்ளையிருந்து எடுத்து நான் வாசிச்சனான். ரின் வளையத்துக்கு வாயைப் பொத்தினா மோதிரத்துக்கும் பொத்தும். ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான். பதினாலாம் பக்கத்திலை படமும் போட்டிருக்கு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பவாவது கேட்டனீங்களே?"

பட்டனை அமத்தினார். அப்பாவின் மோதிரத்தின் மேல் மெசின் ஊரைக் கூட்டியது. அப்படியே மேசைக்காலடிக்குப் போனார். சோப்புத் தண்ணீரில் ஊறிய சேற்றின் மேல் மறுபடி ஊரைக் கூட்டியது. இரண்டு விரல் ஆழத்தில், சுற்றிய நூலோடு, அன்ரியின் மோதிரம் கிடந்தது. அந்த இடத்தில் பதிந்திருந்தது நம் நிபுணரின் சப்பாத்துத் தடம். மூன்று தரம் நடந்தாரே, மூன்று தரமும் மிதித்து உள்ளே இறக்கியிருக்கிறார்.

அன்ரி மோதிரத்தைக் கொஞ்சினார். எல்லோரும் கைதட்டினோம். அண்ணை மெசினையும் மோதிரத்தையும் சேர்த்துப் படமெடுத்து, "எமது மெசினின் முதலாவது தங்கம்" என்று சங்கத்தின் வட்சப்பில் போட்டார். பதினெட்டுப் பேர் பெருவிரல் உயர்த்தினார்கள். செலீன் மேசையிலிருந்த பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணை அவளிடமும் போனார்.

"பிள்ளை, நான் உம்மை ஒண்டும் சொல்லேல்லைத்தானே. நிலத்தைப் பற்றித்தானே சொன்னனான்."

"ஓம் அங்கிள்."

அன்ரி பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பாமல் பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள். எனக்கு அந்த மெசினைத் தூக்கி ஏரிக்குள் எறியவேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. தேத்தண்ணீர் குடித்தேன்.

இவ்வளவு நேரமும் இதை வாசித்தபடி நீங்கள் யாரோ ஒருவரின் பெயரை மனதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். மைத்துனராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். உங்களிடம் அப்படியொரு மெசின் இல்லை, நீங்கள் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, சரி, நம்புகிறேன். ஆனால், "வேண்டாம் பிள்ளை, பையை மூடு" என்று சொல்வதற்கு மெசினும் வேண்டாம், கைநூலும் வேண்டாம். நாற்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் நின்றபடியால் மேசையில் விழுந்தது சரியாகத் தெரியவில்லை. குதிக்காலை உயர்த்தி எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்று மறைத்தது நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.