விருதுக்கு வேண்டிய நன்னடத்தைச் சான்று

மதிப்பிற்குரிய பேராசிரியர் பிலோமின்ராஜ் அவர்களுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆனந்தவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், குறைந்தபட்சம் அதை மறுத்து இதுவரை யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை. முழங்கால் அறுவைக்குப் பிறகு தங்களால் மாடிப்படி ஏற முடிகிறதா? இவ்வாண்டுக்கான மனித உரிமைக் காப்பாளர் விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்த தங்களுக்கும் குழுவினருக்கும் என் நன்றி. அந்த விருதை என்னால் பெற்றுக்கொள்ள முடியாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். மனம் கோணாமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அனுப்பிய படிவத்தின் ஏழாவது பத்தி, விருது பெறுபவர் தம் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்கிறது. முன்பு ஒருமுறை விருது வாங்கியவர்மேல் நில மோசடி வழக்கு இருந்தது மாலை போட்ட பிறகுதான் தெரியவந்தது, அதனால் இந்த விதி என்று தொலைபேசியில் விளக்கினீர்கள். நியாயம்தான். ஆனால் ஐயா, எலி நல்ல எலிதான் என்று பூனையிடம் எழுதி வாங்கி வரச் சொன்னால் எலி என்ன செய்யும்? போன மார்ச்சில் இங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிச்சமுத்துவைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். பிணமாகத்தான் மேலே வந்தார். ‘கால் தவறி விழுந்து மரணம்’ என்று காவல் நிலையத்தில் எழுதினார்கள். தவறி விழுகிறவர் யாரும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வாளியோடு தவறி விழுவதில்லை என்று அவர் மனைவி பெயரில் நான் புகார் எழுதிக் கொடுத்தேன். பதில் வராததால் அவர் மனைவி மயிலம்மாளும் நானும் இன்னும் முப்பது பேரும் மாம்பழச் சாலையில் பதினோரு நிமிடம் உட்கார்ந்தோம். தங்கள் பாராட்டுப் பத்திரம் அதை அறவழிப் போராட்டம் என்கிறது. என்மேல் போட்ட வழக்கு அதையே சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. தேதியும் இடமும் இரண்டிலும் சரியாக இருக்கின்றன.

சான்றுக்கு விண்ணப்பித்த மூன்றாம் நாள் விசாரணைக்காக இரண்டு காவலர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நான் கல்லூரி நூலகத்தில் வேலையாக இருந்தேன். திரும்பி வருவதற்குள் தெரு எனக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கொடுத்து முடித்திருந்தது. வீட்டுக்காரர் ரங்கசாமி படியிலேயே காத்திருந்தார். “நீங்க தங்கமானவங்கதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா போலீஸ் வந்து போற வீடுன்னு பேராயிடுச்சுன்னா நாளைக்கு யாரு குடி வருவா?” என்றார். விருதுக் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். “மனித உரிமையா? அப்ப இன்னும் நிறைய ஜீப் வருமே” என்றார். தை பிறந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் என்னை நல்லவள் என்று கையெழுத்திட வேண்டுமாம். எதிர்வீட்டு மகாலட்சுமி மாமியிடம் போனேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஐந்து நாள் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். “உன்னாட்டம் ஒரு பொண்ணு உண்டோடி? லோகத்துக்கே சொல்லுவேன். கையெழுத்து மட்டும் கேக்காதே, ஆத்துக்காரர் வைவார்” என்றார். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் நல்லவளாக இருக்கலாம் போலிருக்கிறது.

கடைசியில் நானே நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று எழுதவில்லை. இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது. துணைக்கு வந்த மயிலம்மாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எழுத்துவேலை பார்க்கும் ரைட்டர் முருகானந்தம் பொல்லாதவர் அல்ல, நாற்காலி போடச் சொன்னார்.

“மேடம், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லைன்னு எழுதணும். உங்க மேலதான் ஒண்ணு இருக்கே.”

“அதுக்காகத்தாங்க விருதே குடுக்கறாங்க.”

“அப்ப நாங்க கேஸை எடுத்துட்டா விருது போயிடுமா?”

இருவருமே சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். ‘என் கணவர் தாமாகத் தொட்டியை எட்டிப் பார்த்துக் கால் தவறி விழுந்து இறந்தார். அவர் சாவில் எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை.’ கீழே மயிலம்மாளின் கையெழுத்துக்கு இடம். “அந்தம்மா இதுல போட்டுட்டா அந்த ஃபைல் முடிஞ்சுடும். அது முடிஞ்சா இன்ஸ்பெக்டர் ஐயா உங்க மறியல் ஃபைலையும் முடிச்சுடுவாரு. நீங்க சொன்னா கேக்கும் மேடம்.” நான் தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் மயிலம்மாள் கேட்டாள்.

“அக்கா, அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“என் பேரைச் சொன்னாங்களே, வெளியில கேட்டுச்சு. நான் கையெழுத்துப் போட்டா உங்க கேஸு போயிடுமா?”

“அதைப் பத்தி நீ யோசிக்காதே” என்றேன். ஜன்னல் வழியே காவிரி மணலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்கப்பட்டவரைத் தம் வாயால் பேச விட வேண்டும் என்று கல்லூரிப் பெண்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். அன்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேனா, என் மறுப்பின் பெருமையில் அவளுக்குப் பங்கு கொடுக்க மனமில்லையா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். விடை எனக்குச் சாதகமாக வரும் என்று தோன்றவில்லை.

ஆகவே ஐயா, சான்று வராது. காவல் நிலையத்துக்கு எந்த மனக்குறையும் தராத மனித உரிமைக் காப்பாளர் ஒருவர் கே.கே. நகரிலோ திருவெறும்பூரிலோ கிடைத்தால் விருதை அவருக்கே கொடுத்துவிடுங்கள். ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது என்றீர்கள். என் படம் சிறியதுதான், மேலே ஒரு ரோஜாப்பூ ஒட்டினால் மறைந்துவிடும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். எங்கள் ஊர்ப் பெருமாளும் தங்கள் மாதாவும் ஆளுக்கொரு முழங்காலாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஆனந்தவள்ளி

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் சமயம் முருகானந்தம் பைக்கில் வந்தார். என் நன்னடத்தைச் சான்றைக் கையில் கொடுத்தார், முத்திரையெல்லாம் இருக்கிறது. “காலைல அந்தம்மா தனியா வந்துச்சு மேடம். பேப்பரை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. கைநாட்டு வேணாம், பேரு எழுதத் தெரியும்னு நிதானமா எழுதிச்சு. ‘அவரு போயிட்டாரு, அக்காவாவது நல்லா இருக்கட்டும்’னுச்சு” என்றார். அவளும் என்னைக் கேட்கவில்லை. சான்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். விழாவுக்கு வருகிறேன், மயிலம்மாளும் வருவாள். பாராட்டுப் பத்திரத்தில் ‘தொட்டிக்குள் இறக்கப்பட்டு உயிரிழந்த பிச்சமுத்து’ என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அதை மட்டும் யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அதை நிறுத்தி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இன்று காலையிலிருந்து, அவர் எப்படிச் செத்தார் என்பது எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான்.